மண் இளகும் முன்

ஜனவரி 14, புதன்

"சரி, கேட்டா என்ன குறையும்?"

இன்று வகுப்பில் சூராகான் என்னைக் கேட்டார்: தனியாகக் கிடக்கிற ஒருத்தி என்னிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாள், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். அவள் புருஷன் திரும்பி வரப்போவதில்லை. முட்டி வலி நிற்கப்போவதில்லை. மகன் ரஷ்யாவிலிருந்து வந்து இறங்கப்போவதில்லை. நான் கேட்டதில் அவளுக்கு என்ன குறைந்தது என்றார்.

பதில் தெரிந்த மாதிரி ஏதோ சொன்னேன். பிஷ்கெக்கில் படித்த காலத்தில் எழுதிக்கொண்ட வாக்கியம். அப்போதே எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. சூராகான் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாலர் பள்ளிச் சமையலறையில் காலம் தள்ளியவர். வேகாததை வெந்தது என்று சொல்லி அவரிடம் தப்ப முடியாது.

ஒன்பது பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பயிற்சி முடிந்ததும் இவர்களை, இதே வயதில் வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களிடம் அனுப்ப வேண்டும். வாரம் ஒரு முறை போய் உட்கார்ந்து பேச்சுக் கேட்க வேண்டும். தலைநகரில் யாரோ போட்ட திட்டம். எங்கள் பக்கத்துக்கெல்லாம் மனநல மருத்துவர் ஒருவர்தான், அதனால் திட்டத்தைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

பழைய நூலகத்தின் மாடி. சூட்டுக் குழாயில் கையை வைத்தால்தான் சூடு தெரிகிறது. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. நானும்.

ஜனவரி 16, வெள்ளி

மின்சாரம் இல்லை, வகுப்பு இல்லை. பகல் முழுக்கத் தூங்கினேன்.

ஜனவரி 21, புதன்

இன்று நடித்துப் பார்க்கும் பயிற்சி. சூராகான் துக்கத்தில் இருப்பவர், பெய்ஷெனாலி கேட்பவர்.

பெய்ஷெனாலிக்கு அறுபத்தொன்பது. தோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவர். கூரைக்குக் கீழேயும் கல்பாக் தொப்பியைக் கழற்ற மாட்டார். தெருவில் சண்டை, சம்பந்தம், சாவு எதுவானாலும் இவரைத்தான் அழைக்கிறார்கள். அறிவுரை சொல்வதே வேலையாக இருந்தவரிடம் அறிவுரை சொல்லாதீர்கள் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சூராகான் நடிக்கத்தான் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நடிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை, நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. உடனே பெய்ஷெனாலி இரண்டு உள்ளங்கையையும் ஏந்தினார். "அல்லா உனக்கு மனசமைதி குடுக்கட்டும், பிள்ளைங்க நல்லா இருக்கட்டும், வீடு நிறையட்டும், ஓமீன்!" முகத்தைத் தடவிக்கொண்டார். அறையில் இருந்த எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டோம். ஆமாம், நானும்தான் எழுந்தேன். நாற்பத்தெட்டு வருடப் பழக்கம். பெரியவர் ஆசி சொல்லிவிட்டால் விருந்தானாலும் பேச்சானாலும் அதோடு முடிந்தது.

"ஐயா, நடுவுல ஏன் ஆசி சொன்னீங்க?"

"அழுதுச்சேம்மா. அழறவளைப் பார்த்துக் கல்லு மாதிரி உட்காரச் சொல்றீங்களா?"

"நீங்க ஆசி சொன்னதும் எல்லாரும் எழுந்துட்டாங்க. அவங்க சொல்ல வந்தது உள்ளேயே நின்னுபோச்சு."

"ஆமா," என்றார் சூராகான், மூக்கைத் துடைத்தபடி. "எனக்கு அப்பத்தான் சூடு பிடிச்சுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் மாமியாரைத் தோண்டி எடுத்து வெச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன். கெடுத்துட்டான் இந்த மனுஷன்."

எல்லாரும் சிரித்தார்கள். பெய்ஷெனாலி சிரிக்கவில்லை. அழுகை வந்தால் அவருக்குப் பயம். இத்தனை வருடமும் ஆசிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார், அவரை யாரும் குற்றம் சொன்னதில்லை. யார் சொல்வார்கள்?

ஜனவரி 28, புதன்

ரகசியம் காப்பது பற்றிய வகுப்பு. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். மனைவியிடம் கூடாது, தேநீர்க் கடையில் கூடாது. ஒரே ஒரு விலக்கு: ஒருவர் தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு செய்யப் போகிறார் என்று தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். பலகையில் எழுதிப்போட்டேன். திரும்பவும் சொல்லச் சொன்னார் பெய்ஷெனாலி.

"புரிஞ்சுது," என்றார். "அமானிதம். ஒருத்தன் நம்மகிட்ட நம்பிக் குடுத்த பொருள். உசிரு போனாலும் தொடக்கூடாது."

உயிர் போகிற மாதிரி இருந்தால் சொல்ல வேண்டும் என்பதுதான் விலக்கு என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

திட்ட அலுவலகத்திலிருந்து படம் எடுக்க வந்தார்கள். எல்லாரையும் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, யாரோ யாரிடமோ மனம் விட்டுப் பேசுவது போல இருக்கச் சொன்னார்கள். சூராகான் பெய்ஷெனாலியின் கையைப் பிடித்துக்கொண்டு, உருக்கமான முகத்தோடு, தன் வீட்டு ஆட்டின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் நன்றாக வந்திருக்கிறதாம்.

களைப்பு. சூப் வைக்கத் தெம்பில்லை, ரொட்டியும் தேநீரும்.

பிப்ரவரி 2, திங்கள்

போய்ப் பார்க்க வேண்டியவர்களின் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தேன். பெய்ஷெனாலிக்கு தெமிர்குல்.

தெமிர்குலின் பெயரைக் கொண்டுவந்தது அவர் தம்பி மனைவி. ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிராமம். அறுபத்து நாலு வயது, காட்டுக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வருடம் ஒன்றாகிவிட்டது. "வருஷ விருந்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, அக்கா. எத்தனை பேரைக் கூப்பிடணும், குதிரை எங்க வாங்கணும், யாருக்கு எந்தக் கூடாரம்னு ஓடிக்கிட்டே இருந்தாரு. விருந்து முடிஞ்சு ஜனம் போச்சு. பாத்திரத்தைக் கழுவி ஊருக்குத் திருப்பிக் குடுத்தோம். அன்னைக்கு உட்கார்ந்தவருதான்."

துக்கத்துக்கு ஒரு வருட வேலை வைத்திருக்கிறோம். ஏழாம் நாள், நாற்பதாம் நாள், வருட விருந்து. அதற்கு அடுத்த நாளைக்கு ஒன்றும் வைக்கவில்லை.

மகன் ரஷ்யாவில், செல்யாபின்ஸ்கில். மகள் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஒவ்வொருவரும் போன கதையைச் சொன்னார்கள். இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சூராகானை உட்காரவைத்து அவர் பார்க்கப் போன அம்மாள் சீட்டாடித் தோற்கடித்திருக்கிறார். "அவ ஏமாத்தறா, டீச்சர். அதைப் பத்திப் பேசலாமா, இல்ல அதுவும் ரகசியமா?"

பெய்ஷெனாலி: "பேசல. டீ குடிச்சோம். ஜன்னலைப் பார்த்தோம்."

பிப்ரவரி 13, வெள்ளி

பெய்ஷெனாலி இரண்டாம் முறை போய்வந்திருக்கிறார். தெமிர்குல் மனைவியைப் பற்றி ஓரிரு வார்த்தை சொன்னாராம், குரல் உடைந்ததாம். "கை ரெண்டும் தானாத் தூக்குச்சும்மா. தொடைக்கு அடியில வெச்சு அமுக்கி உட்கார்ந்துட்டேன். கால் மரத்துப்போச்சு." பள்ளிக்கூடத்துப் பையன் பரிசு காட்டுவது போலச் சொன்னார். பாராட்டினேன். மனதாரத்தான்.

என் மகன் போன் செய்தான். குரல் சரியில்லை, உடம்புக்கு என்ன என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் போய்க் கேட்டு வந்ததை நான் கேட்கிறேன், அவ்வளவுதான். அவனிடம் அதைச் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிப் பேசினோம்.

பிப்ரவரி 20, வெள்ளி

"பேசிட்டான்!" கல்பாக்கில் பனியோடு உள்ளே வந்தார் பெய்ஷெனாலி.

தெமிர்குல் தன் கடைசிச் சொல்லை இவரிடம் ஒப்படைத்திருக்கிறார். உடலை யார் கழுவ வேண்டும், எந்தக் குதிரையை அறுக்க வேண்டும், சேணம் யாருக்கு, கோட்டு யாருக்கு. கால் மணி நேரம் கோர்வையாய்ச் சொன்னாராம். தெளிவான, அழகான கடைசிச் சொல். தான் கேட்டதிலேயே சிறந்தது என்கிறார் பெய்ஷெனாலி. "இப்பிடி ஒரு விஷயத்தை என்னை நம்பிச் சொன்னான் பாருங்க. இனி அவன் என் தம்பி." முடிவில் ஆசி சொன்னாராம். "முடிவுலதான்மா. நடுவுல இல்ல."

வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அமானிதம்," என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த பாடம். மேலே கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது மனது ஒட்டவில்லை. அறுபத்து நாலு, நோய் நொடி இல்லாத ஆள். பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது ஓர் அபாய அறிகுறி என்று நாங்கள் படித்த புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. இங்கே ஐம்பது தாண்டினாலே சடலத்தைச் சுற்றும் கஃபன் துணியைப் பெட்டியில் வாங்கி வைக்கிறார்கள். என் அப்பா தன் கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகு பதினோரு வருடம் இருந்தார், சொன்னதை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாற்றிக்கொண்டு. புத்தகப்படி பார்த்தால் ஊரில் பாதிப் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சூராகானிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன்: அக்கா, நீங்கள் கடைசிச் சொல் சொல்லிவிட்டீர்களா?

"மூணு பேர்கிட்ட. மூணும் வேற வேற. என் பட்டுச் சால்வை யாருக்குன்னு மருமகளுங்க கடைசி வரைக்கும் தவிக்கட்டும்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஏன் கண்ணு, உனக்கு உடம்பு சரியில்லையா?"

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்து தேநீர். சூராகான் ஒரு பை போர்சோக் அப்பம் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் தெருவில் இந்த வாரம் ஒரு சாவு. மண் இரும்பாக உறைந்து கிடப்பதால் கல்லறை இடத்தில் டயரும் நிலக்கரியும் போட்டு எரித்து, இளக்கி, பிறகு தோண்டியிருக்கிறார்கள். "பசங்க கையெல்லாம் கொப்புளம். என் துணியெல்லாம் டயர் நாத்தம். செத்தவன் உசிரோட இருந்தப்பவும் இப்பிடித்தான், எல்லாருக்கும் வேலை வெப்பான்."

பெய்ஷெனாலி தலையசைத்தார். "தெமிர்குல் மாதிரி எல்லாருக்கும் புத்தி இருந்தா இந்தக் கஷ்டம் இல்ல." சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன். கதவைச் சாத்தினேன்.

"ஐயா, மண்ணைப் பத்தி அவர் என்ன சொன்னார்?"

"அமானிதம்மா."

"ஐயா."

என் குரலில் என்ன இருந்ததோ. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நல்ல மனசும்மா அவனுக்கு. குளிர்ல பசங்க தோண்டிச் சாகக்கூடாதாம். மண்ணு இளகினதுக்கு அப்புறம், விதைப்பு தொடங்கறதுக்கு முன்னாடி. நௌருஸ் பண்டிகையும் கெடாது. மகனுக்கும் அப்பத்தான் லீவு கிடைக்கும். ஒருத்தனுக்கும் ஒரு நாள் வேலை வீணாகாது. எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க."

"எது, ஐயா? மண்ணு இளகினதுக்கு அப்புறம் எது?"

"அடக்கம்தான்."

"அவருக்கு நோய் ஏதாவது?"

"அவனுக்கா? காளை மாதிரி இருக்கான்."

"அப்ப மண்ணு எப்ப இளகும்னு பார்த்துக்கிட்டு சாவு வருமா?"

கோப்பை அவர் உதட்டுக்குப் போகாமல் நின்றது. கீழே வைத்தார். கல்பாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தலையை நான் பார்த்தது இதுதான் முதல் முறை; நடுவில் வெளுத்து, குழந்தைத் தலை போல இருந்தது.

"நான் ஆசி சொல்லிட்டு வந்தேனே," என்றார். "அதுக்கு ஆசி சொல்லிட்டு வந்துட்டேனே."

ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சாகப்போறேன்னு அவன் சொல்லலையேம்மா. அடக்கத்தைப் பத்தித்தானே சொன்னான். அது வேற, இது வேற இல்லையா?"

எங்கள் ஊர்க்காரர் யாராயிருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பார்கள். அடக்கத்தைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு மரியாதை. சாவைப் பற்றிப் பேசுவதுதான் கூடாது.

தெமிர்குலின் தம்பிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. அண்ணனைத் தனியாக விட வேண்டாம், இன்று முதல் அங்கேயே படுங்கள் என்றேன். "என்னக்கா விஷயம்?" என்றார் ஒரு முறை. பிறகு கேட்கவில்லை. சரி என்றார். மனநல மருத்துவரும் போனை எடுத்தார், அழைத்து வாருங்கள், ஆனால் அவரே சம்மதித்து வர வேண்டும் என்றார். நானே இப்போதே கிளம்புகிறேன் என்று எழுந்தபோது பெய்ஷெனாலி தடுத்தார். முன்பின் தெரியாத பெண் வந்து நின்றால் அவன் விருந்தாளியாக உபசரித்து அனுப்பிவிடுவான், ஒன்றும் பேச மாட்டான். "நாளைக்கு நான் போறேன். நான் கேக்கறேன்."

நேராகக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தற்கொலை என்ற வார்த்தையைச் சொல்லியே கேட்க வேண்டும் என்று. தலையாட்டினார். முகம் சாம்பலாக இருந்தது.

பிப்ரவரி 28, சனி

மாலையில் போன். "கேக்க முடியலம்மா. வாய் வரைக்கும் வந்துது. அப்புறம் வைக்கோல் விலையைக் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"வைக்கோல் விலையைச் சொன்னான்."

மார்ச் 1, ஞாயிறு

நூலகத்தைத் திறக்கச் சொல்லி, நாங்கள் இருவர் மட்டும். நான் தெமிர்குலாக உட்கார்ந்தேன்.

"தம்பி... உனக்கு வந்து... மனசுல ஏதாவது... இந்த மாதிரி..."

"எந்த மாதிரி, அண்ணே?"

"ச்சே! முடியலம்மா." எழுந்து ஜன்னலுக்குப் போனார். "நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேப்பீங்க. நான் அவன் வீட்டு விரிப்புல உட்கார்ந்து, அவன் ரொட்டியப் பிச்சுத் தின்னுக்கிட்டு கேக்கணும். அந்த வார்த்தைய ஒரு வீட்டுக்குள்ள சொன்னா அது அங்கேயே தங்கிடும்."

தங்காது, ஐயா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் அதைப் பேச வழிதான் கிடைக்கும், ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள் என்றேன். எல்லாம் உண்மை. நானே நம்புகிறேன். ஆனாலும் அவர் சொன்ன விரிப்பும் ரொட்டியும் கண்முன் வந்ததும் என் குரல் இறங்கிப்போனது அவருக்குத் தெரிந்திருக்கும். இளைஞர்களிடம் கேட்டிருக்கிறேன், அவர் சொன்னபடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து. என்னைவிட மூத்த ஒருவரிடம், அவர் வீட்டில், கேட்டதில்லை.

பல முறை சொல்லிப் பார்த்தார். ஒரு முறையும் முழு வாக்கியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கூரை விளிம்பில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. தெற்கே இருந்து காற்று. பக்கத்து வீட்டுக்காரி, "அப்பாடா, இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுச்சு," என்றாள். அவளை அடிக்கலாம் போல இருந்தது.

நாளைக் காலை இருவரும் சேர்ந்து போகிறோம்.

மார்ச் 2, திங்கள்

போனோம்.

தெமிர்குல் முற்றத்தில் பனியைச் சுத்தமாகத் தள்ளி வைத்திருந்தார். விறகை அளவெடுத்த மாதிரி அடுக்கியிருந்தார். வீட்டுக்குள்ளும் அப்படித்தான், ஒரு சாமான் இடம் மாறி இல்லை. மெலிந்த, சவரம் செய்த முகம். என்னைத் தங்கச்சி என்று அழைத்து, விருந்தாளிக்கான மேல் பக்கம் உட்காரவைத்தார். தம்பி தேநீர் ஊற்றினார், பிறகு மாட்டைப் பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

வைக்கோல். கரி. ஆற்றுப் பாலத்தில் பழுது. செல்யாபின்ஸ்கில் குளிர் எப்படி. பெய்ஷெனாலி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னைப் பார்ப்பார், பிறகு ரொட்டியைப் பார்ப்பார். நான் வாயைத் திறந்தேன். தெமிர்குல் என் கோப்பையை வாங்கி நிரப்பினார். இன்னொரு முறை திறந்தேன். வெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளினார். தெரிந்தேதான் செய்கிறார் என்று தோன்றியது.

கடைசியில் பெய்ஷெனாலி கையை ஏந்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தடுக்க முடியவில்லை. ஓமீன். முகத்தைத் தடவிக்கொண்டோம். எழுந்தோம். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இவ்வளவு வகுப்பு, இவ்வளவு சொல்லியும் - கடைசியில் இதுதானா?

வாசல் அறையில் பெய்ஷெனாலி குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை மாட்டிவிட்டார். நிமிரவில்லை. பூட்ஸைப் பார்த்தே கேட்டார்:

"ஏண்டா தம்பி, மண்ணு இளகறதைப் பத்திச் சொன்னியே. அது தானா வர்ற சாவுக்கா, நீயாக் கூப்பிடற சாவுக்கா?"

தெமிர்குல் சுவரில் கையை ஊன்றி நின்றார். வெளியே தம்பி மாட்டை அதட்டும் சத்தம்.

நான் கேட்டேன். "தற்கொலை செஞ்சுக்க நினைச்சிருக்கீங்களா, அண்ணே?" என் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் பெய்ஷெனாலியைப் பார்த்துச் சொன்னார்:

"பூட்ஸைக் கழட்டுங்க, அண்ணே."

ஆசி சொன்ன பிறகு விருந்தாளியைத் திரும்ப உட்காரவைத்து நான் எங்கும் பார்த்ததில்லை. உட்கார்ந்தோம். பேசினார். நெடுநேரம். யாரும் சாப்பிடவில்லை, யாரும் கோப்பையை நிரப்பவில்லை. விருந்து முடிந்த அன்று பாத்திரம் கழுவும்போதே முடிவு செய்துவிட்டாராம். இனி தன்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, ஆனால் குளிர்காலத்தில் வேண்டாம், ஊருக்குத் தொல்லை. அதைச் சொல்லும்போதுதான் அழுதார். மனைவியைப் பற்றிச் சொன்னபோது அழவில்லை. பெய்ஷெனாலியும் அழுதார், கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல்.

எப்படி என்று கேட்க வேண்டும், அதுவும் வேலைதான். கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். திரும்பி வரும்போது அந்தப் பொருள் என் காலடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

நாளை மருத்துவமனைக்கு வருவீர்களா என்றேன். "நான் பைத்தியம் இல்ல, தங்கச்சி."

"இல்லதான். கால் உடைஞ்சவனும் பைத்தியம் இல்ல. அவனும் போறான்," என்றார் பெய்ஷெனாலி.

"பார்ப்போம்."

பெய்ஷெனாலி இன்று அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் விதிப்படி கூடாது. தங்குங்கள் என்று நான்தான் சொன்னேன். தம்பியும் இருக்கிறார். விடிந்ததும் முதல் மினிபஸ்ஸில் மூன்று பேரும் வருவதாகப் பேச்சு. வருவாரா? "பார்ப்போம்" என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். இன்று மனம் விட்டுப் பேசியவர் நாளை அதற்காகவே வெட்கப்பட்டு இன்னும் இறுக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். கேட்டாகிவிட்டது. கேட்டதால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

படுக்கிறேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

முதல் மினிபஸ்ஸில் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் நிலையத்தில் நின்றுகொண்டே இருந்தேன். பெய்ஷெனாலி போனை எடுக்கவில்லை.

பத்தரைக்குத் தம்பியின் பழைய காரில் வந்து இறங்கினார்கள். பாதி வழியில் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டதாம், தெமிர்குல் இறங்கித் தள்ளினாராம். முழங்கால் வரை மண். "இவருக்குப் பனியில வண்டி ஓட்டத்தான் தெரியும், அக்கா," என்றார் தம்பி பெய்ஷெனாலியைக் காட்டி. "சேத்துல வழி சொல்லி மாட்டவெச்சுட்டாரு."

"நீ ஸ்டியரிங்கை ஒடிச்ச ஒடிப்புக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

தெமிர்குல் என் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

மருத்துவமனை. தாழ்வாரத்தில் மர பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், நான் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து, மருத்துவர் நேற்று மாலையே பிஷ்கெக் போய்விட்டார் என்று தெரிந்தது. என்னிடம் அழைத்து வாருங்கள் என்று சொன்ன அதே மருத்துவர். பதிவு மேசைப் பெண்ணிடம் நான் குரலை உயர்த்திவிட்டேன். அவள் மேல் என்ன தப்பு? தெமிர்குல் எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். இவ்வளவுதான், கிளம்பிவிடுவார், இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவாரு," என்றாள் அந்தப் பெண். "பத்து மணிக்கு எழுதிக்கட்டுமா?"

தெமிர்குல் மேசைக்கு அருகே போனார்.

"பத்து மணிக்கு எப்பிடிம்மா வர முடியும்? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத்தானே கிளம்பணும். பதினொண்ணு போடு."

பதினொன்று என்று எழுதிக்கொண்டாள்.